வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை எங்கே பொருத்துவது?

கேள்வி: என்னிடம் பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. டர்போ கிடையாது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத் தனி இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வாங்கி, அதனுடன் புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அறியும் வைட்பேண்ட் சென்சாரும் வாங்கியிருக்கிறேன். அதை எங்கே பொருத்துவது என்று மூவரிடம் கேட்டேன். ஒருவர் எஞ்சினை ஒட்டி மேனிஃபோல்டிலேயே (சிலிண்டர்களின் புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதி) வெல்டிங் செய்யச் சொல்கிறார். இன்னொருவர் குழாயை வெட்டவே வேண்டாம், சைலன்சர் வாயில் கிளாம்ப் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார். மூன்றாமவர் வண்டியில் இருக்கும் பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே இதைத் திருகச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டர் தரைத்தட்டின் அடியில், முன் இருக்கைக்கு நேராக உள்ளது.
— வாசகர், அம்பத்தூர்

பதில்: மூன்று யோசனைகளிலும் சிறிதளவு நியாயம் இருக்கிறது; ஆனாலும் உங்கள் வண்டிக்கு மூன்றுமே பொருந்தாது. நான்கு சிலிண்டர்களின் குழாய்களும் ஒன்றாகச் சேரும் இடத்தைத் தாண்டி, கன்வெர்ட்டருக்கு முன்பாக, எஞ்சினின் வெளியேற்றத் துவாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று அடி தொலைவில், குழாயின் மேல்பாதியில் அதைப் பொருத்துங்கள். காரணத்தையும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் உங்கள் வண்டியின் அடிப்பகுதியை நான் பார்த்ததில்லை, அங்குல அளவில் இடத்தை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

இந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனையும், எரியாமல் மிஞ்சிய எரிபொருளை எரிக்கத் தேவைப்படும் ஆக்ஸிஜனையும்தான் அளக்கிறது. ஆகவே எரிப்புக்குச் சம்பந்தமில்லாத காற்று எந்த வழியாக உள்ளே வந்தாலும், அதையும் எஞ்சினிலிருந்து வந்த ஆக்ஸிஜனாகவே எண்ணி, கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருக்கிறது என்று காட்டிவிடும். சைலன்சர் வாயில் மாட்டும் யோசனையின் குறை இங்கேதான் இருக்கிறது. புகை ஒரே சீரான ஓட்டமாக வெளியேறுவதில்லை. துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று வாய் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது, அதிலும் ஐடிலிங்கிலும் குறைந்த வேகத்திலும் அது அதிகம். எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ மேடையில் நீண்ட குழலைச் சைலன்சருக்குள் ஆழமாகச் செருகி முழு ஆக்சிலேட்டரில் அளப்பவர்கள் உண்டு; அந்த நிலையில் புகையின் ஓட்டம் பலமாக இருப்பதால் அளவு ஓரளவு சரியாக வரும். நாள்தோறும் ஓட்டும் வண்டியில், சிக்னலில் நிற்கும்போதும் நம்பத்தக்க அளவு வேண்டும் என்றால், அந்த இடம் உதவாது.

இதே காரணத்தால், சென்சாருக்கு முன்னால் உள்ள ஒவ்வொரு இணைப்பும் கசிவில்லாமல் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் காரில் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஐடிலிங்கில் மீட்டர் லீன் என்று காட்டியதை நம்பி, இரண்டு வாரம் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனோம்; ஸ்பார்க் பிளக்குகள் கரியாக வெளிவந்த பிறகுதான் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் மெல்லிய கீறல் இருந்தது தெரிந்தது. அளவு பொய்யாக இருந்தால் அதை வைத்துச் செய்யும் ட்யூனிங்கும் பொய்யாகிறது. எஞ்சினோ உண்மையாகவே தேய்கிறது. ஆகவே வெல்டிங்குக்கு முன்பே, குளிர்ந்த எஞ்சினில், சைலன்சர் வாயில் ஒரு புளோயரை வைத்துக் காற்றைச் செலுத்தி, இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை எழும் இடத்தில் கசிவு இருக்கிறது. வேகத்தடைகளில் இடிபட்டு வாழும் நம் ஊர் வண்டிகளில், நெளிவான ஃபிளெக்ஸ் குழாய்தான் முதலில் கிழிகிறது. இடம் இருந்தால் சென்சாரை அதற்கு முன்பாகவே வைத்துவிடுவது நல்லது.

இனி மேனிஃபோல்டு. எஞ்சினை ஒட்டிய இடத்தில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரு சிலிண்டரின் புகை மட்டுமே. அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் சற்று அடைபட்டிருந்தால், அந்த ஒன்றின் நோயை நான்குக்கும் பொதுவாக்கி, மற்ற மூன்றுக்கும் தேவையில்லாத பெட்ரோலை ஊற்றுவீர்கள். மற்றொன்று வெப்பம். பரவலாக விற்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 வகைச் சென்சார், தன் உள்ளிருக்கும் ஹீட்டரால் பீங்கான் பகுதியை ஏறக்குறைய 780 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்திக்கொண்டு வேலை செய்கிறது. புகையின் வெப்பம் 930 டிகிரிக்குள்ளும், ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணப் பகுதி 600 டிகிரிக்குள்ளும், வயர் வெளியேறும் ரப்பர் முனை 250 டிகிரிக்குள்ளும் இருந்தால்தான் அது நெடுநாள் உழைக்கும். பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று முழு ஆக்சிலேட்டரில் ஓடும் எஞ்சினின் வெளியேற்றத் துவாரத்தருகே இந்த எல்லைகளை எளிதில் தொட்டுவிடலாம். இரண்டு மூன்று அடி தள்ளிச் சென்றால் நான்கு புகைகளும் நன்றாகக் கலந்திருக்கும், வெப்பமும் தணிந்திருக்கும்.

அப்படியானால் இன்னும் பின்னால் தள்ளி வைத்தால் மேலும் பாதுகாப்புதானே என்று தோன்றலாம். கன்வெர்ட்டரைத் தாண்டிவிட்டால் அளவு மாறிவிடும்: அது ஆக்ஸிஜனைச் சேமித்து, தேவையான நேரத்தில் விடுவிக்கிறது. ஆகவே அதற்குப் பின்னால் வரும் புகை எஞ்சினின் உடனடி நிலையைக் காட்டாமல், தாமதமாகவும் மழுங்கியும் காட்டும். அத்துடன் குழாய் குளிரக் குளிர நீர் திரளும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. குழாயின் உட்சுவர் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை அந்த ஆவி துளிகளாகப் படிந்துகொண்டே இருக்கும். சென்னையில் குளிர் ஏது என்று கேட்கலாம். மார்கழி விடியலில் மட்டுமல்ல, சித்திரை வெயிலிலும் காரைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் குழாய்க்குள் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. சிவந்து காயும் பீங்கானில் ஒரு துளி தெறித்தாலே அது விரிசல் விடும்.

மேல்பாதியில் வையுங்கள் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். குழாயின் குறுக்குவெட்டை ஒரு கடிகாரமாக எண்ணிக்கொண்டால், பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட பகுதியில், வயர் முனை மேல்நோக்கி இருக்கும்படி, சென்சாரைத் திருகுவதற்காகக் குழாயில் வெல்டிங் செய்யும் நட்டு அமைய வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வு வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. பத்து மணி, இரண்டு மணி நிலைகளில் அதற்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. நேர் உச்சியில் வைப்பதிலும் தவறில்லை. ஆனால் தரைத்தட்டின் குறுகிய பள்ளத்தில் காற்றோட்டமில்லாமல் வெப்பம் தேங்கினால் வயர் முனை வெந்துவிடும். ஆகவே பத்து மணியோ இரண்டு மணியோதான் நடைமுறைக்கு உகந்தது.

மூன்றாவது யோசனை, அதாவது பழைய துளையில் மாட்டுவது, கவர்ச்சியானதுதான். இரண்டுக்கும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் புரியிடைவெளியும் கொண்ட ஒரே மரைதான் என்பதால் கச்சிதமாகத் திருகி ஏறிவிடும். ஆனால் பழைய நேரோபேண்ட் சென்சார், கலவை சமநிலையைக் கடக்கும் இடத்தில் ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சட்டென்று தாவும் ஒரு சுவிட்சைப் போன்றது. வண்டியோடு வந்த இசியூ எதிர்பார்ப்பது அந்தத் தாவலைத்தான். நீங்கள் அந்த இசியூவை முழுவதுமாக நீக்கிவிட்டு, புதிய இசியூ வைட்பேண்ட் கண்ட்ரோலரிடமிருந்து நேரடியாக அளவு வாங்கும் என்றால் பழைய துளையைப் பயன்படுத்தலாம், அதுவும் அது நான்கு குழாய்களும் சேர்ந்த பிறகு, மேல்பாதியில் இருந்தால் மட்டுமே. இரண்டு இசியூக்களும் சேர்ந்து இயங்கப் போகின்றன என்றால் பழையதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, புதியதற்குத் தனித் துளை போடுங்கள்.

வெல்டிங் பற்றிச் சில வார்த்தைகள். குழாயைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்வதே நல்லது; வண்டியிலேயே செய்ய நேர்ந்தால் பேட்டரி இணைப்பையும் இசியூ கனெக்டரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆர்கான் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். சென்சாரைத் திருகி வைத்துக்கொண்டு ஒருபோதும் வெல்டிங் செய்யக்கூடாது. மரை கோணிப் போகாமலிருக்க அதே அளவு போல்ட் ஒன்றைத் திருகி வைத்துச் செய்யலாம். சென்சார் நுனியின் துளைகள் முழுவதும் புகையின் ஓட்டத்துக்குள் நிற்கும்படி நட்டின் உயரம் இருக்க வேண்டும்; நட்டு உயரமாக இருந்து நுனி உள்ளே ஒளிந்துகொண்டால், பழைய புகையையே அளந்துகொண்டிருக்கும். 22 மில்லிமீட்டர் ஸ்பேனரில் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். சிலிக்கான் பேஸ்ட்டை மரையிலோ அருகிலுள்ள கேஸ்கெட்டிலோ தடவ விடாதீர்கள். அதன் ஆவி சென்சாருக்கு நஞ்சு. இடம் போதவில்லை என்று கன்வெர்ட்டரை நீக்கிவிட யாராவது சொன்னால், தயவுசெய்து இணங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்; அந்தப் புகையைச் சுவாசிக்கப் போவதும் இதே நகரத்துப் பிள்ளைகள்தான்.

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காரில் டர்போவுக்குப் பின் வரும் குழாயின் அடிப்பக்கத்தில் வைட்பேண்ட் சென்சார் இருக்கிறது. இரண்டு ஐப்பசிகளில் இரண்டு சென்சார்கள் பழுதாகிவிட்டன. டர்போவுக்கு முன்னால் சூடு அதிகம் என்பதால் ஈரம் இருக்காது, அங்கே மாற்றலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: மாற்ற வேண்டாம். டர்போவுக்கு முன்னால் வெப்பம் மட்டுமல்ல, அழுத்தமும் அதிகம். அழுத்தம் கூடினால் சென்சார் தன் அளவை மிகைப்படுத்தும்: லீனை அதிக லீனாகவும், ரிச்சை (பெட்ரோல் மிகுந்த கலவையை) அதிக ரிச்சாகவும் காட்டும். டர்போ முழு அழுத்தம் தரும்போது கலவை உண்மையில் இருப்பதைவிட ரிச்சாகத் தெரிவதால், பெட்ரோலைக் குறைக்கத் தோன்றும். பிஸ்டன் உருகுவது அப்படித்தான்.

உங்கள் சென்சார்கள் இறந்தது இடத்தால்தான். உள்ளே திரளும் தண்ணீர் அடிப்பக்கத்தில்தான் தேங்கும்; வெளியே தேங்கிய மழைநீரும் முதலில் அடிப்பக்கத்தில்தான் மோதும். டர்போவின் வாயிலிருந்து இரண்டடிக்கு மேல் தள்ளி, கன்வெர்ட்டருக்கு முன் இடம் கிடைத்தால் அங்கே, மேல்பாதிக்கு மாற்றுங்கள். சாவியைத் திருப்பியதும் ஹீட்டர் எரியும்படி இணைத்திருந்தால், எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே மின்சாரம் கிடைக்கும்படி ரிலே வழியாக மாற்றச் சொல்லுங்கள். மின்சாரம் இல்லாமல் சென்சாரைப் புகையில் விட்டுவைப்பதும் கூடாது. கரி படிந்து அடைத்துவிடும். கனெக்டரை எட்டும் உயரத்துக்குத் தண்ணீர் வராத இடத்தில் கட்டுங்கள். வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டிவிடாதீர்கள், அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த மின்தடை அதற்குள் இருக்கிறது.

கேள்வி: இப்போது பங்க்குகளில் இ20 பெட்ரோல்தான் கிடைக்கிறது. என் மீட்டர் காற்று-பெட்ரோல் விகிதத்தை இன்னும் 14.7 என்றே காட்டுகிறது. அதை 13.5க்குக் கொண்டுவர வேண்டுமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சமநிலைக் கலவை விகிதம் ஏறக்குறைய 13.5 என்பது உண்மைதான். ஆனால் சென்சார் அளப்பது லாம்டாவை, அதாவது உள்ள காற்று சமநிலைக்குத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு என்பதை. உங்கள் மீட்டர் அந்த லாம்டாவை 14.7 ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. மீட்டரில் 14.7 என்றால், எந்த எரிபொருளானாலும் லாம்டா 1. மீட்டரில் 13.5 வரும்படி செய்தால் லாம்டா 0.92 ஆகி, நகர ஓட்டத்தில் பெட்ரோல் வீணாகும். மீட்டரின் அமைப்பில் லாம்டாவைக் காட்டும் வசதி இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.