நாணல் செழித்தும் நீர் இறங்காதது ஏன்?

வணக்கம். எங்கள் பள்ளி விடுதியில் நாளுக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது. பழைய ஜெர்மன் வரைபடம் ஒன்றைப் பார்த்து 6 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழத்தில் வேர்மண்டலப் படுகை (செடிகளின் வேர்ப்பகுதி வழியே கழிவுநீரை ஓடவிட்டுச் சுத்தம் செய்யும் தொட்டி) கட்டி, வண்டல்மண் நிரப்பி நாணல் நட்டோம். நாணல் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. நீரோ மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே ஓடுகிறது. செடியை மாற்றலாமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செடி இருக்கட்டும், மண்ணை மாற்றுங்கள். உங்களுக்குக் கிடைத்தது ஜெர்மன் அறிவியலாளர் ரைன்ஹோல்ட் கிக்குத்தின் முறை. 1974இல் ஜெர்மனியின் ஓட்ஃபிரேசன் என்ற ஊரில் அவர் அமைத்த படுகையில் நிரப்பியது மண்தான். சில ஆண்டுகளில் நாணல் வேர்கள் மண்ணைத் துளைத்து, நொடிக்கு 1 மி.மீ. அளவுக்கு நீர்கடத்தும் திறனைத் தரும் என்று நம்பினார். அது நடக்கவில்லை. டென்மார்க்கில் கட்டிய மண் படுகைகளிலும் நீர் மேற்பரப்பில்தான் ஓடியது. 1985இல் ஜெர்மனி போய்ப் பார்த்துவந்த பிரிட்டன்காரர்கள் விரைவிலேயே ஜல்லிக்கு மாறினார்கள். இந்தத் திருத்தம் ஆய்வரங்குகளில் பேசப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வரைபடம் மட்டும் தனியே ஊர் சுற்றுகிறது. வேற்று நாட்டு வடிவமைப்பைக் கேட்டு வாங்கும்போது, அது எங்கே ஏன் தோற்றது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

ஜல்லியும் நாளடைவில் அடைபடும். ஆகவே கணக்குக்கு அதே 1 மி.மீ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சதவீத நீர்ச்சரிவில் (நீர்மட்டம் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால்), ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டு (அகலம் × ஆழம்) வழியே நாளுக்கு 864 லிட்டர்தான் போகும். 10,000 லிட்டருக்கு 11.6 சதுர மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பது 6 × 0.6 = 3.6. அதே 180 சதுர மீட்டரை 20 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளமாகத் திருப்பினால் 12 கிடைக்கும்.

இடிப்பதற்கு முன், துளையிட்ட பிவிசி குழாய்களை நுழைவு, நடு, வெளியேற்றம் என மூன்று இடங்களில் அடிவரை இறக்கி நீர்மட்டம் பாருங்கள். மட்டம் நெடுக ஒரே சீராக இறங்கினால் குற்றம் மண்ணுடையது. முதல் ஓரிரு மீட்டரிலேயே சடாரென விழுந்தால் செப்டிக் டேங்கிலிருந்து சேறு வருகிறது. அதை அள்ளாமல் புது ஜல்லி கொட்டினால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

அரை அங்குல ஜல்லியைத் தூசி போகக் கழுவிப் போடுங்கள். நுழைவில் முழு அகலத்துக்கும் அரை மீட்டர் தடிமனில் பெருங்கல் வேண்டும். இல்லையென்றால் நீர் ஒரே மூலையில் புகுந்து ஓடும். வெளியேற்றக் குழாய் முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைகுழாய்) வையுங்கள். நீர் மேலே தலைகாட்டினால் அதைச் சற்றுச் சாய்த்து மட்டத்தை இறக்கிக்கொள்ளலாம்.