ரயில் பெட்டி ஐசிஎஃப்பா, எல்எச்பியா என்று பிளாட்பாரத்தில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐசிஎஃப்ங்கறது நம்ம ரயில்கள்ல ஓடற பழைய வகைப் பெட்டி, எல்எச்பி புதிய வகை. முதல்ல நிறத்தை மறந்துடுங்க. நீலம்னா பழசு, சிவப்புன்னா புதுசுன்னு நம்ம பக்கம் நிறையப் பேர் சொல்வாங்க. பழைய பெட்டிகளுக்கே பழுப்பும் வெளிர்மஞ்சளுமா பெயின்ட் அடிச்சு ஓட்டியிருக்காங்க. நீல நிற எல்எச்பியும் உண்டுங்க.

நான் திருப்பூர்க்காரன். ஈரோடு ஜங்ஷன்ல வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் ரெண்டு பெட்டிக்கு நடுவுலதான் என் கண்ணு போகும். ரெண்டு ஓரத்திலும் உருண்டைத் தட்டு மாதிரி பஃபர் (இடியைத் தாங்கற அமைப்பு) முட்டிக்கிட்டு, நடுவுல திருகுக் கொக்கி மாட்டியிருந்தா அது ஐசிஎஃப். 1955ல் தொடங்கிய சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) பெயரையே வாங்கிய, சுவிஸ் வடிவமைப்புப் பெட்டி. 2018ல் அங்கே அந்த வகையைக் கட்டுவதை நிறுத்திட்டாங்க. பஃபரே இல்லாம நடுவுல பெட்டிகளை இணைக்கற ஒரே ஒரு தடித்த கப்ளிங் மட்டும் கவ்விப் பிடிச்சிருந்தா எல்எச்பி. இது ஜெர்மன் வடிவமைப்பு.

விபத்து நடந்தா ஒரு பெட்டி மேல இன்னொண்ணு ஏறாம தடுக்கத்தான் அந்தக் கப்ளிங்கை அப்படிச் செஞ்சிருக்காங்க. பழைய வகையில பெட்டி பெட்டிக்குள்ளயே புகுந்து எத்தனையோ உயிர் போயிருக்கு. அம்மாவை ராத்திரி வண்டியில ஏத்திவிடும்போது நான் பஃபர் இருக்கான்னு குனிஞ்சு பார்க்கறது அதனாலதாங்க. கிளம்பும்போது எல்எச்பியில ஒரு வெட்டி இழுப்பு வரும், வயசானவங்களுக்கு அது சிரமம்தான். ஆனாலும் என் ஓட்டு எல்எச்பிக்குத்தான்.

அடுத்தது சக்கரம். ஐசிஎஃப்ல பிரேக் கட்டை சக்கரத்தோட விளிம்பையே அழுத்தும்; எல்எச்பியில அச்சுல மாட்டின டிஸ்க்கை அழுத்தும். பிளாட்பாரம் உயரமா இருந்தா இது கண்ணுக்குப் படாது.

டிக்கெட்டை வெச்சும் சொல்லலாம். எல்எச்பி சுமார் 2 மீட்டர் கூடுதல் நீளம். அதனால ஸ்லீப்பர்ல 8 பெர்த் கொண்ட ஒரு தடுப்பு கூடுதலா வந்து, 72 பெர்த் 80 ஆயிடுச்சு. உங்க பெர்த் எண் 75, 78ன்னு வந்தா ஏறப்போறது எல்எச்பின்னே வெச்சுக்கலாம்.

2023 ஏப்ரல்ல சென்னை - கோவைக்கு வந்த வந்தே பாரத்ல இந்தக் குழப்பமே இல்லைங்க, அது இந்த ரெண்டு வகையிலயும் சேராது; முன்னாடி தனி இன்ஜினே கிடையாது. மோட்டார் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கு.

பெட்டியோட பக்கவாட்டுல எழுதியிருக்கற எண்ணையும் படிங்க. முதல் ரெண்டு இலக்கம் கட்டிய வருஷம்: 16ன்னு ஆரம்பிச்சா 2016. அது வயசைத்தான் சொல்லும், வகையைச் சொல்லாது. 2015ல் கட்டின ஐசிஎஃப் பெட்டியும் உண்டு, 2003ல் கட்டின எல்எச்பியும் உண்டு. வகை தெரியணும்னா எண்ணோட இருக்கற ஆங்கிலக் குறியீட்டைப் பாருங்க. அது 'எல்' எழுத்துல ஆரம்பிச்சா எல்எச்பி.