கண்ட இடத்தில் மூத்திரம் போகும் முயலும், முடி பிடுங்கும் பெட்டையும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளியும் ராகியும் போடுகிறேன். மகள் ஆசைப்பட்டாள் என்று நான்கு மாதம் முன்பு கடையில் இரண்டு வெள்ளை முயல் குட்டி வாங்கினேன். இரண்டும் பெட்டை என்றார்கள். வீட்டுக்குள்தான் விட்டிருக்கிறோம். ஒரு மாதமாக ஒன்று கட்டில், ராகி மூட்டை, சுவர் என்று எங்கும் மூத்திரம் பீய்ச்சுகிறது. காலைச் சுற்றிச் சுற்றி உறுமிக்கொண்டு ஓடுகிறது, கூண்டுக்குள் கை விட்டால் கடிக்கிறது. கடைக்காரர் பூனை மணலும் பழக்கும் ஸ்பிரேயும் கொடுத்தார், பலனில்லை. நேற்றிலிருந்து இன்னொன்று வயிற்று முடியைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு அலைகிறது. சொறியாக இருக்கும் என்று நாய்க்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கொடுத்திருக்கிறார். ஒரே இடத்தில் மூத்திரம் போக வைக்க நல்ல மருந்து இருந்தால் சொல்லுங்கள், ஐயா. தீவனம் கேரட், முட்டைக்கோஸ் இலை, குச்சித் தீவனம்.

பதில்: மூத்திரத்துக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் அந்த முடியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இப்போது அவசரம். சொறி வந்த முயலுக்குக் காது ஓரத்திலும் மூக்கு நுனியிலும் பொருக்குத் தட்டும். வயிற்று முடியைப் பிடுங்கி வாயில் கவ்வி அலைந்தால் அது கூடு கட்டுகிறது. உங்களிடம் இருப்பது இரண்டு பெட்டை அல்ல, ஒரு ஜோடி என்றே நினைக்கிறேன். உறுமிக்கொண்டு காலைச் சுற்றுவதும் சுவரில் பீய்ச்சுவதும் பெரும்பாலும் வயசுக்கு வந்த ஆணின் வேலை. பின்தொடைகளுக்கு நடுவே பாருங்கள், இந்த வயதில் முடியில்லாத இரண்டு விதைப்பை தெரியும்.

ஆண் என்றால் இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். முடி பிடுங்க ஆரம்பித்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குட்டி விழும். ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும் என்பதால்தான் இந்த அவசரம். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் ஒரு மரப்பெட்டி வைத்து, உள்ளே ராகித் தாளை, அதாவது ராகி வைக்கோலைக் கசக்கிப் போடுங்கள். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியை ஒதுக்கிவிட்டது என்று பதறிப் பசும்பால் புகட்டாதீர்கள். மூன்று நான்கு நாளாகியும் குட்டி இல்லையென்றால் பொய்ச் சினையாக இருக்கலாம், அது தானாகச் சரியாகிவிடும்.

அந்த உண்ணி மருந்தை அடிக்கவே வேண்டாம். புட்டியில் ஃபிப்ரோனில் என்று இருக்கிறதா பாருங்கள். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அந்த மருந்து முயலைக் கொன்றுவிடும். முயலைப் பார்க்காமல் அதைக் கொடுத்தவரிடம் இனி எதுவும் வாங்காதீர்கள். பூனை மணலையும் கொட்டிவிடுங்கள். முயல் அதைத் தின்னும், ஈரம் பட்டால் கட்டியாகிற அந்த மண் குடலை அடைத்துவிடும். பழக்கும் ஸ்பிரே வெறும் காசு பிடுங்கும் வேலை.

இனி உங்கள் கேள்வி. இடத்தை நாம் முடிவு செய்ய முடியாது, முயல்தான் முடிவு செய்யும். எந்த மூலைக்கு அடிக்கடி போகிறதோ அங்கே ஒரு அகலமான பிளாஸ்டிக் பேசினை வையுங்கள். அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், மேலே ராகித் தாள். மூத்திரம் பட்ட காகிதத்தில் ஒரு துண்டையும் கொஞ்சம் புழுக்கையையும் அதிலேயே போட்டுவையுங்கள். மற்ற இடங்களை வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள். பினாயில் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒரே அறைக்குள் வையுங்கள், பழகியபின் அடுத்த அறையைத் திறந்துவிடலாம்.

பேசினை விட முக்கியமானது, உங்கள் தீவனப் பட்டியலில் இல்லாத உலர்தீவனம். நான் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். முயல் மென்றுகொண்டே புழுக்கை போடும். உலர்ந்த புல்லைப் பேசினுக்கு மேலே, தலை எட்டுகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால், தின்ன வரும்போதெல்லாம் பேசினில்தான் உட்காரும். எங்கேயோ கூண்டின் மறுகோடியில் கிண்ணத்தில் தீவனத்தை வைத்துவிட்டு, புழுக்கை மட்டும் பேசினில் விழவேண்டும் என்றால் எப்படி விழும்? முயலுக்குப் பல் ஆயுள் முழுக்க வளரும், தேய்வதற்கு நார் வேண்டும். குடல் ஓடுவதற்கும் நார்தான். கேரட்டும் குச்சித் தீவனமும் மட்டும் தின்றால், இரவில் அது திரும்பத் தின்னவேண்டிய மென்மையான புழுக்கை மிஞ்சிப் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நாறும்.

உங்கள் ஊரில் இதற்குக் காசே தேவையில்லை. ராகித் தாள் வீட்டிலேயே இருக்கிறது. மானாவாரிக் காட்டில் கொழுக்கட்டைப் புல்லைப் பூ முற்றுவதற்குள் அறுத்து நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் பச்சை நிறம் போகாது, வாசனையும் நிற்கும், முயல் ஆசையாகத் தின்னும். ஒரு நாளைக்கு முயலின் உடம்பளவு ஒரு குவியல் போடுங்கள். வைக்கோல் போரின் அடியில் நனைந்து பூஞ்சணம் பிடித்த தாளை மட்டும் போடாதீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து தக்காளித் தோட்டத்து வரப்புப் புல். பாலக்கோடு பக்கம் தக்காளிக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த வரப்பிலிருந்து ஒரு பிடி புல்லும் வேண்டாம், தக்காளி இலையும் கூடாது. குச்சித் தீவனம் இரண்டு கிலோ முயலுக்கு நாளுக்கு 50 கிராம் போதும். திடீரென்று நிறுத்தாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பெட்டைக்கு இப்போது குறைக்கவே வேண்டாம். கேரட் எப்போதாவது ஒரு துண்டு.

ஆணின் பீய்ச்சலுக்குப் பேசின் மட்டும் போதாது, விதைநீக்கம் செய்யவேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர்தான் செய்யவேண்டும். முயல் வாந்தி எடுக்காது, அதனால் முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள். செய்தபின்னும் ஆறு வாரம் பெட்டையிடம் விடாதீர்கள்.

கடிக்கு விளக்குமாற்றை எடுக்காதீர்கள். கூண்டு அதன் வீடு, மேலிருந்து கை இறங்கினால் பருந்து என்றுதான் நினைக்கும். அது வெளியே வந்தபின் கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவது யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். மகளைத் தரையில் உட்காரவைத்து, கையைத் தாழ நீட்டச் சொல்லுங்கள், முயல் தானாக வரும்.

குட்டி விழுந்தால் எட்டு வாரம் முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். கண் திறந்து ஓடத் தொடங்கியதும் கடைக்காரர்கள் கேட்டு வருவார்கள். மூன்று நான்கு வாரக் குட்டியைத்தான் குட்டை ரகம் என்று விற்கிறார்கள், அதில் பல கழிச்சலில் செத்துப்போகின்றன.