சாக்கடை ஓரம் கிடந்த கைப்பிரதிகள்

சகோதரரே, இயேசுவைப் பற்றிய நற்செய்தித் துண்டுத்தாள்களாக ஆயிரம் கைப்பிரதிகள் அச்சிட்டு, வேலூர் காந்தி ரோட்டில் ஒரே மாலையில் பாதியைக் கொடுத்ததாகவும், திரும்பும்போது பல சாக்கடை ஓரம் கிடந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கியவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

அந்தத் தெருவில் நடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் வங்காளிகள் ஏராளம். கடைப் பலகைகளே வங்காள மொழியில் தொங்குகின்றன. அதோடு, ஸ்கேன் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு பதறி ஓடுகிறவரிடம் “சுகம் நிச்சயம்” என்று நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

“மீட்கப்பட்டீர்களா?”, அதாவது பாவத்திலிருந்து இரட்சிப்பு பெற்றீர்களா என்ற உங்கள் தலைப்பும் சபைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே விளங்கும். குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் என் தாளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இரட்சிப்பு என்றால் என்ன ஐயா?” என்று கேட்டார். நான் விழித்த விழி இன்னும் மறக்கவில்லை! அதன் பிறகு பைபிளில் லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் உள்ள இளைய மகன் கதையைப் பேச்சுக்கு நெருக்கமான தமிழில் எழுதி அச்சிட்டேன். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகனை இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

மீதி ஐந்நூறை அவசரமாகத் தீர்க்க வேண்டாம். நின்று பேசுகிறவரிடம் “படிப்பீர்களா?” என்று கேட்டுக் கொடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது வீண் வம்பு. தாளின் பின்புறம் சபையின் முகவரியும் ஆராதனை நேரமும் இருக்கிறதா?