கிணத்துத் தவளையும் கொட்டாங்கச்சித் தவளையும்

அண்ணே வணக்கம். மக ரெண்டாம் படிவம் படிக்கிறா. மலாய் பாடத்துல 'காதாக் டி பாவா தெம்புரோங்'னு ஒரு பெரிபஹாசா, அதான் பழமொழி, வந்துச்சு, கொட்டாங்கச்சிக்கு அடியில இருக்கற தவளைன்னு அர்த்தம். நம்ம கிணத்துத் தவளைதான் அதுன்னு சொன்னேன். அப்போ யாரைப் பாத்து யாரும்மா எழுதினாங்கன்னு கேக்குறா, எனக்கு பதில் தெரியல.
ஒரு அம்மா, பட்டர்வொர்த்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பரீட்சைக்கு நீங்க சொன்னதே போதும், ரெண்டுமே உலகம் தெரியாத ஆளைத்தான் சொல்லுது. ஆனா ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்கணும்னு இல்ல. 'ஹாராப்கான் பாகார், பாகார் மாக்கான் பாடி', நம்பின வேலியே நெல்லைத் தின்னுடுச்சு, நம்ம 'வேலியே பயிரை மேஞ்ச' கதை அப்படியே. அங்கயும் நெல்லு இங்கயும் நெல்லு, காவலுக்கு வச்சவனே திருடினா வயித்தெரிச்சல் எல்லாருக்கும் ஒண்ணுதானே.

தவளைங்க அப்படி ஒண்ணு போல இல்ல, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. சீனாவுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசான சுவாங் ட்சுங்கற தத்துவ நூல்லயே ஒரு கிணத்துத் தவளை இருக்கு, கடல் ஆமையை என் இடத்தை வந்து பாருன்னு பெருமையா கூப்பிடுது, ஆமை இடது காலை உள்ள வைக்கறதுக்குள்ள வலது முட்டி மாட்டிக்குது, அப்புறம் ஆமை கடலைப் பத்திச் சொல்லச் சொல்ல தவளை வாயடைச்சுப் போயிடுது. 1893ல சிகாகோவுல விவேகானந்தர் சொன்ன கதையில வர்ற கிணத்துத் தவளை வேற மாதிரி, கடல்ல இருந்து வந்த தவளையைப் பொய்யன்னு சொல்லி வெளிய துரத்தப் பாக்குது.

மலாய்த் தவளைக்கு கிணறே இல்ல. உங்க கடிதம் வந்த அன்னிக்கு, சௌராஸ்டா மார்க்கெட்ல வாங்கின தேங்காயைத் துருவிட்டு, கண்ணு இருக்கற பாதிய அடுப்படித் தரையில கவுத்து வச்சேன். கிணத்துக்குள்ள இருந்தா வட்டமா ஒரு துண்டு வானமாவது தெரியும், இதுக்குள்ள கும்மிருட்டு, நான் கத்தியால குத்தின அந்த ஒரு கண்ணு வழியா மட்டும் பொட்டளவு வெளிச்சம். ஆனா கிணத்துல இருந்து மேல ஏற கயிறு வேணும், கொட்டாங்கச்சிய ஒத்த விரலால தள்ளினேன், உருண்டு அந்தாண்ட போயிருச்சு. தவளை ஒரு தடவை எம்பியிருந்தா போதும், எம்பிப் பாக்கவே இல்லங்கறதுதான் அது மேல உள்ள குத்தம்னு எனக்குப் படுது.

வீட்டுல தேங்கா உடைக்கிற அன்னிக்கு மகளையும் ஒண்ணு கவுத்துப் பாக்கச் சொல்லுங்க. அவ அடுத்து என்ன கேக்குறாளோ அதையும் எழுதுங்கம்மா.