புதுச்சேரியில பழைய தங்க பாக்கெட் வாட்ச் சேகரிக்க ஆசை, எப்படி ஆரம்பிக்கிறது?

முதல்ல ஒண்ணு, தங்கத்துக்காக வாங்காதீங்க. என்கிட்ட இருக்கிற முதல் பீஸ்ல தங்கமே கிடையாது. எங்க கொள்ளுத்தாத்தா சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு வந்தவர், அவரோட தங்க வாட்சை ஒரு கல்யாணச் செலவுக்காக நகைக்கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க, கடைக்காரர் உரசிப் பாத்துட்டு இது மட்டத் தங்கம்னு சொல்லி கேஸை, அதாவது வெளிக்கூட்டை மட்டும் கழட்டி எடை போட்டு உருக்க எடுத்துக்கிட்டு, உள்ள இருந்த மெஷினைக் கையில திருப்பிக் கொடுத்துட்டார். ஆயா அதை ஒரு பவுடர் டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. நான் காலேஜ் படிக்கறப்பதான் பாத்தேன். ரிப்பேர்காரர் பிரிச்சுக் கழுவி எண்ணெய் விட்டு சாவி கொடுத்ததும் பேலன்ஸ் வீல், அதான் இப்படியும் அப்படியும் ஆடுற சின்னச் சக்கரம், ஆட ஆரம்பிச்சுது, அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இது.

அது மட்டத் தங்கமே இல்லங்க. நம்ம ஊர் நகைக்கு 22 காரட், பிரான்ஸ்ல வாட்ச் கேஸுக்கு வழக்கமா 18 காரட், அதாவது 75 சதவீதம் தங்கம். மேல இருக்கிற வளையத்துலயோ மூடியோட உள்பக்கமோ 10 மடங்கு லென்ஸ் வச்சுப் பாருங்க, சின்னதா கழுகுத் தலை முத்திரை தெரியும், 1838ல இருந்து வர்றது. சுவிஸ் கேஸ்னா 18 காரட்டுக்கு ஒரு பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். இன்னொண்ணு, பின்மூடியைத் திறந்தா உள்ள இன்னொரு மூடி இருக்கும், நிறைய வாட்ச்ல அது வெறும் பித்தளை, அதுலயே 'மெட்டல்'னு பிரெஞ்சுல பொறிச்சிருப்பாங்க. அதையும் சேத்து தங்கமா எடை போட்டு விலை சொன்னா ஒத்துக்காதீங்க.

பெரிய பேரு இருந்தா உடனே நம்பிடாதீங்க, முக்கியமா பிரெகே. 1775ல பாரிஸ்ல கடை போட்ட மனுஷன், அவர் உயிரோட இருக்கும்போதே அவர் பேர்ல போலி ஓடுச்சு, அதனால 1795 வாக்குல டயல்ல கண்ணுக்கு லேசுல தெரியாத ரகசியக் கையெழுத்து போட ஆரம்பிச்சார், வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சாதான் தெரியும். படேக் பிலிப்ங்கிற சுவிஸ் கம்பெனி வாட்ச்னா மெஷின் நம்பர், கேஸ் நம்பர் ரெண்டையும் கொடுத்தா கம்பெனியே பழைய பதிவேட்டைப் பாத்து எந்த வருஷம் செஞ்சதுன்னு எழுதிக் கொடுக்கும். அதனால எந்த வாட்ச் கைக்கு வந்தாலும் முதல்ல நம்பரை எழுதி வைங்க.

கேஸை பாலிஷ் மட்டும் போடவே போடாதீங்க, முத்திரையும் பூ வேலையும் தேஞ்சு போயிடும். நமக்குக் கடல் காத்து வேற, உள்ள இருக்கிற ஸ்டீல் சீக்கிரம் துரு பிடிக்கும், டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வைங்க. 100 வருஷத்துக்கு மேல ஆனதுன்னா 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாதுங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, இங்க வாங்கி அங்க விக்கலாம்னு யாராவது ஆசை காட்டுவாங்க.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல நான் பாத்த வரைக்கும் முக்காவாசி புதுப் பித்தளைதான். நல்ல பீஸ் எல்லாம் பழைய வீட்டு பீரோவுலதான் தூங்குது, பெரியவங்க கிட்ட உக்காந்து பேசுங்க. எங்க மெஷின்ல ஒரு நம்பர் இருக்கு, மார்க்கெட்டுல எந்தக் காலி கேஸ் கண்ணுல பட்டாலும் அந்த நம்பர் இருக்கான்னு இப்பவும் திருப்பிப் பாக்கறேன், உருக்கியிருப்பாங்கன்னு தெரிஞ்சும்.