கடற்கரையில் ஜீப்பும் பீச் பைக்கும்: தடை கேட்கும் முன் விலக்கை எழுதுங்கள்

கேள்வி: மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள மீனவ ஊர் எங்களுடையது. சனி, ஞாயிறு வந்தால் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகள் கூட்டமாகக் கரையில் இறங்குகின்றன. நாலு சக்கர பீச் பைக்கை வாடகைக்கு விடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். காயப்போட்ட வலை, கருவாடு எதையும் பார்ப்பதில்லை. பங்குனி ஆமை முட்டையிடும் கரையும் அதுதான். ஓர் அலுவலகத்தில் கேட்டால் இன்னொன்றைக் கை காட்டுகிறார்கள். எங்கள் டிராக்டரும் ஐஸ் வண்டியும் நின்றுவிடாமல் இதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கடைசியாக நீங்கள் கேட்டதிலிருந்தே தொடங்க வேண்டும். 'வாகனங்கள் நுழையத் தடை' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பலகை நட்டால், மறுநாள் விடியலில் அதை முதலில் மீறுவது வள்ளம் இழுக்கும் ஊர் டிராக்டராகத்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகு ஜீப்காரரை மறிக்க யாருக்கும் வாய் வராது. அதனால் ஊர்க்கூட்டம் போட்டு, கரைக்குப் போயே ஆக வேண்டிய வண்டிகளை முதலில் எழுதுங்கள். டிராக்டர், ஐஸ் வண்டி, மீன் ஏற்றும் வண்டி ஒவ்வொன்றின் பதிவெண், அது போகும் பாதை, நேரம் எல்லாம் வேண்டும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல், வனத்துறை வண்டிகளையும் சேருங்கள். இந்தப் பட்டியல்தான் உங்கள் மனுவின் முதுகெலும்பு.

அடுத்தது நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் பார்த்து, எந்தப் புல எண் புறம்போக்கு, எது வனத்துறை நிலம், எது பட்டா என்று ஒரே தாளில் வரைபடமாகக் குறியுங்கள். ஜீப் இறங்கும் இடங்களையும் அதிலேயே காட்டுங்கள். புல எண்ணோடு போகும் மனுவுக்கு 'எங்கள் எல்லை இல்லை' என்று பதில் சொல்வது கடினம்.

சட்டத்தில் உங்களுக்கு நேராக உதவுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு. குறிப்பிட்ட ஒரு பகுதியில் எல்லா வண்டிகளையுமோ ஒரு வகை வண்டிகளை மட்டுமோ தடுக்க, மாநில அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் அது இடம் தருகிறது. விலக்குகளை அந்த அறிவிக்கையிலேயே எழுதலாம் என்பதுதான் உங்களுக்குச் சாதகம். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழில் வெளியிடக்கூடத் தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆமை கரையேறத் தொடங்கும் காலமும் அதுதான்.

பீச் பைக் விஷயத்தில் ஒரு வாதம் வரும். "இது விளையாட்டு வண்டி, பதிவு வேண்டாம்" என்பார்கள். தொழிற்சாலைக்குள் அல்லது அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடுவதற்கான தனி வகை வண்டிகளுக்கே சட்டம் விலக்குத் தருகிறது. எல்லோரும் வந்துபோகும் கடற்கரை அடைத்த வளாகம் அல்ல. 39-ஆவது பிரிவுப்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டக்கூடாது. முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை, 207-ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்தும் வைக்கலாம். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தனி மனு கொடுங்கள். பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடும் இருக்காது. கவிழ்ந்து பிள்ளைக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

உங்கள் ஊர்ப் பையன்களே அந்த வாடகைத் தொழிலில் இருந்தால் வெறுமனே விரட்டாதீர்கள். கரையை விட்டு உள்ளே, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று அரசு கட்டுப்பாடு விதித்த எல்லைக்கு வெளியே, சீமைக்கருவேல் வெட்டிய பட்டா நிலத்தில் வேலி அடைத்து ஓட்டட்டும். அடைத்த வளாகம் என்ற வாதத்துக்கு அங்கேதான் இடம் உண்டு.

இனி ஆமை. பங்குனி ஆமை முட்டையிடுவது தை முதல் பங்குனி வரை. ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை, ஏறக்குறைய முழங்கை ஆழத்தில் இருக்கும். பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். மேலே ஜீப் ஏறினால் மணல் இறுகி, குஞ்சுகள் தோண்டி வெளியே வர முடியாது. வந்தாலும் தடம் காத்திருக்கிறது. குஞ்சின் நீளம் 4 சென்டிமீட்டர். டயர் தடத்தின் ஆழம் 10 சென்டிமீட்டர் என்றாலே அதற்கு அது மதில். கடலுக்கு நேராகப் போக வேண்டியது தடத்தின் வழியே பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் காக்கை, நாய்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வனவற்றின் முட்டையையோ குழியையோ கலைப்பதும் வேட்டைதான். இந்த ஆமை அச்சட்டத்தில் உச்சப் பாதுகாப்புக்கான முதல் அட்டவணையில் இருப்பதால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆனால் குழி இருந்தது என்று பதிவாகியிருக்க வேண்டும். ஆமை ஏறிய தடம் கண்ட காலையிலேயே வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களே தோண்டாதீர்கள்.

"ஈர மணலில் மட்டும் ஓட்டுகிறோம்" என்று சமாதானம் சொல்வார்கள். நம் பக்கம் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இறுகிய ஈர மணல் குறுகிய பட்டையாகத்தான் கிடைக்கும். எதிரே ஒரு வண்டி வந்தால் இன்னொன்று மேலே ஏறியே ஆகவேண்டும். மேலே இருப்பது மணல்மேட்டில் வளரும் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். இராவணன் மீசையின் தண்டு மணலுக்குள் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விட்டு மேட்டைப் பிடித்து நிற்கிறது. டயர் அதை அறுத்த இடத்தில் விழும் பிளவை மேற்கிலிருந்து வீசும் ஒவ்வொரு கச்சான் காற்றும் அகலப்படுத்தும், மணல் ஊருக்குள் வரும். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணற்குன்றும் ஆமை முட்டையிடும் கரையும் உச்சப் பாதுகாப்பு வகையில் வருகின்றன. இந்தப் புகார் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். கிராம சபைத் தீர்மான நகலை இணைத்தால் வலு கூடும். ஜனவரி 26 வரை காத்திருந்தால் பருவம் தொடங்கிவிடும். நவம்பர் 1 கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்.

மூன்று வார இறுதிகளுக்குப் படம் எடுங்கள். வண்டி எண்ணும், இடம் தெரியும்படி ஒரு மின்கம்பமோ கோயிலோ ஒரே படத்தில் விழ வேண்டும். சாவியைப் பிடுங்குவது, வள்ளத்தைக் குறுக்கே போடுவது வேண்டாம். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஆணை வந்த பிறகு தடுப்பு. பள்ளம் வெட்டாதீர்கள், ஒரு காற்றில் தூர்ந்துவிடும். இரும்புக் குழாய் உப்பில் தரைமட்டத்தில் அரித்து ஒடியும். விழுந்த பனையின் துண்டுகள் நன்றாக நிற்கும். உயிருள்ள பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் போகாதீர்கள். 1.8 மீட்டர் நீளத் துண்டில் ஒரு மீட்டர் மண்ணுக்குள் போகட்டும். அடியில் குறுக்குக் கட்டை அடித்தால் கயிறு கட்டி இழுத்தாலும் வராது. துண்டுகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் விடுங்கள்: சக்கர நாற்காலியும் மீன் கூடைக்காரரும் போகலாம், ஜீப்பும் பெரிய பீச் பைக்கும் நுழையாது. இரு சக்கர வண்டியை இது நிறுத்தாது, அதை ஆணையால்தான் நிறுத்த முடியும். தடுப்பை மணலில் நடாமல் மேட்டுக்கு உள்பக்கம், சாலை முடியும் இடத்தில் நடுங்கள். எல்லா இறங்கு பாதைகளையும் ஒரே நாளில் அடையுங்கள். ஒன்றை விட்டால் மொத்தக் கூட்டமும் அதில் இறங்கும்.

டிராக்டர் போகும் பாதையில் மட்டும் 4 மீட்டர் அகலத்தில் பூட்டுக் கதவு. ஒரு சாவி ஊராட்சி அலுவலகத்தில், இன்னொன்று கதவுக்குப் பக்கத்து வீட்டில். இரவு இரண்டு மணிக்குக் கடலில் அடிபட்டவரை இறக்கும்போது யார் சாவியோடு ஓடிவருவார் என்பதைக் கதவு போடும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.